ஐந்தாவது தோழி

சேர்க்கை நாளன்று பள்ளியை நடத்துகிற தாமோதரன் சார் பெற்றோர்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார். வருடா வருடம் அதே கேள்வி, அதே பதில், அதே சிரிப்பு.

"உங்க பொண்ணு தனியா உக்காந்தா நல்லாப் படிக்குதா, நாலு பேரோட உக்காந்தா நல்லாப் படிக்குதா?"

"நாலு பேரோட உக்காந்தாத்தானுங்க சார்."

"அந்த நாலு பேர்ல ஒருத்தி படிப்புல புலியா இருந்தா?"

"மத்ததும் தன்னால படிக்குமுங்க."

"அவ்வளவுதாங்க எங்க விஞ்ஞானம்" என்று சொல்லிச் சிரிப்பார். பெற்றோர்களும் சிரிப்பார்கள். பிள்ளைகள் மட்டும் சிரிக்க மாட்டார்கள். அவர்களுக்கு அந்தப் புலியை ஏற்கனவே தெரியும். ஒன்றாம் வகுப்பிலிருந்து அடுத்த வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ உட்கார்ந்து அது படித்துக்கொண்டேதான் இருக்கிறது.

வான்முகடு பயிற்சிப் பள்ளி நாமக்கல்லிலிருந்து ராசிபுரம் போகிற வழியில் இருக்கிறது. மருத்துவ நுழைவுத் தேர்வுக்கென்றே கட்டிய விடுதிப் பள்ளி. சுற்றிலும் கோழிப்பண்ணைகள், காற்று திசை மாறினால் வகுப்பறை ஜன்னல்களைச் சாத்திவிடுவார்கள். அங்கே சேர்கிற ஒவ்வொரு பெண்ணுக்கும் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ள புளியங்கொட்டை அளவில் ஒரு கருவி தருவார்கள். பள்ளி அதற்கு வைத்த பெயர் 'தோழி'.

"ஒரு ரூமுக்கு நாலு பொண்ணுங்க" என்று தாமோதரன் சார் விளக்கினார். "அஞ்சாவதா ஒருத்தி உண்டு. அவ வேற ஊர்ல நம்ம கிளையில இருப்பா. பேரு சொல்ல மாட்டோம், ஊரு சொல்ல மாட்டோம். அவ படிக்கறப்ப உங்க பொண்ணு காதுக்குப் பின்னால லேசா ஒரு சூடு தெரியும். அவ ஒரு கணக்க முடிச்சா ஒரு தட்டு விழும். பேச்சு கெடையாது, மூஞ்சி கெடையாது, அரட்டை கெடையாது."

"அவ படிக்கறது கருவிக்கு எப்படித் தெரியுமுங்க?" என்று கேட்டார் மோகனசுந்தரம். முட்டை லாரி ஓட்டுகிறவர். வெள்ளக்கோவிலிலிருந்து மகள் கோகிலவாணியைச் சேர்க்க வந்திருந்தார்.

"மனசு ஒரு எடத்துல நிக்குதா, அலையுதான்னு நரம்புத் துடிப்புல தெரிஞ்சு போகும். ஒரு கணக்கு முடிஞ்சா மனசு ஒரு பெருமூச்சு விடும் பாருங்க, அதையும் புடிச்சுக்கும்."

"வேண்டாம்னா கழட்டிக்கலாமுங்களா?"

"எப்ப வேணும்னாலும் கழட்டலாம். நாங்க யாரையும் கட்டாயப்படுத்தறதில்ல. கழட்டுனா அந்த ரூம்ல மத்த மூணு பேருக்கும் ஒரு சின்ன அதிர்வு போகும். அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' எவ்வளவு பெரியது என்று மோகனசுந்தரத்துக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. பதினேழு வயதில், கூட இருக்கிற மூன்று பேருக்கும் தெரியும்படி ஒன்றைக் கழற்றி வைக்க எத்தனை தைரியம் வேண்டும் என்பதைப் பெரியவர்கள் சுலபமாக மறந்துவிடுகிறார்கள். அந்த வருடம் டிசம்பர் வரை வான்முகட்டில் ஒரு பெண்கூட வேண்டாமென்று தோழியைக் கழற்றவில்லை. இதைத்தான் பள்ளி தன் விளம்பரத்தில் பெருமையாகப் போட்டுக்கொண்டது.

மாடியில் கடைசி அறையில் நான்கு பெண்கள். பள்ளப்பட்டியிலிருந்து வந்த ரிஸ்வானா, தூத்துக்குடி ஜெனிட்டா, சேலத்து சஷ்டிகா, கோகிலவாணி என்கிற கோகி. முதல் இரண்டு வாரம் ஐந்தாவது பெண் மந்தமாகத்தான் இருந்தாள். எப்போதாவது ஒரு சூடு, எப்போதாவது ஒரு தட்டு. "இவளா நமக்கு முன்னாடி ஓடப் போறா? படிக்கட்டு ஏறவே மூச்சு வாங்கும் போல" என்று சஷ்டிகா கிண்டல் செய்தாள். மூன்றாவது வாரம் கிண்டல் நின்றது. அந்தப் பெண் விடிவதற்கு முன்னால் எழுந்தாள், சாப்பாட்டு நேரத்திலும் படித்தாள், பௌதிகத்தில் ஒரு பாய்ச்சல், உயிரியலில் ஒரு பாய்ச்சல் என்று போய்க்கொண்டே இருந்தாள்.

அவளுக்கு 'மாமியார்' என்று பெயர் வைத்தது ஜெனிட்டா. "மாமியார் எந்திரிச்சாச்சு, எல்லாரும் எந்திரிங்கடி" என்று காலையில் போர்வையை இழுப்பாள். குளிக்கப் போகிறவளைப் பார்த்து, "சீக்கிரம் வா, மாமியார் கணக்கு மேல கணக்காப் போட்டுட்டு இருக்காங்க" என்பாள். சிரிப்பார்கள். சிரித்தபடியே அவரவர் புத்தகத்தை எடுத்துக்கொள்வார்கள். ஒருத்தி எடுத்தால் அடுத்தவள் எடுப்பாள். அடுத்தவள் எடுத்தபின் மூன்றாமவளுக்குச் சும்மா உட்கார முடியாது.

கோகி மட்டும் மாமியார் என்று சொல்ல மாட்டாள். 'அந்தப் பொண்ணு' என்பாள். "அந்தப் பொண்ணு சாப்பிட்டுச்சோ என்னமோ" என்று தட்டில் கை வைக்கும்போது சொல்வாள். முகம் தெரியாத ஒருத்தி பட்டினியாக இருப்பாளோ என்று கவலைப்படுகிற பெண்ணை என்ன செய்வது? ரிஸ்வானாவுக்கு அவளை அதனாலேயே ரொம்பப் பிடித்துப்போயிற்று.

கோகிக்கு வேதியியல் பிடிக்கும். மற்றவர்கள் கெமிஸ்ட்ரி என்றால் முகத்தைச் சுளிப்பார்கள். இவள் மாங்காய் தின்கிற ஆசையோடு உட்காருவாள். டாக்டராக வேண்டும் என்பதுகூட வீட்டில் எல்லோரும் சொல்லிச் சொல்லி வந்த ஆசைதான், கெமிஸ்ட்ரி மட்டும் அவளுடைய சொந்த ஆசை. ஆகஸ்டில் நடந்த பரீட்சையில் அந்தப் பாடத்தில் பள்ளிக்கே முதலாவதாக வந்தாள். பரீட்சை முடிந்து வெளியே வந்தவள், "எப்படி எழுதுனேன்னே தெரியல ரிஸ்வானா. பேனா தானா ஓடுச்சு" என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்ததை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

ஏனென்றால் அடுத்த நாளிலிருந்து ஐந்தாவது பெண் கெமிஸ்ட்ரியில் பறக்க ஆரம்பித்தாள். கோகி ஒரு கணக்கைப் பாதி போடும்போதே காதுக்குப் பின்னால் தட்டு விழும். அடுத்ததை ஆரம்பிக்கும்போது இன்னொரு தட்டு. மற்றப் பாடங்களில் தோற்பதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கெமிஸ்ட்ரியில் தோற்பதைத்தான் தாங்க முடியவில்லை. அவளுக்கென்று இருந்தது அது ஒன்று.

"ஒரே ஒரு நாளு, அவளுக்கு முன்னாடி ஒரு கணக்க முடிச்சிட்டாப் போதும்" என்று ரிஸ்வானாவிடம் சொல்வாள். "அப்பறம் நிம்மதியா ரெண்டாவதா இருந்துக்குவேன்."

ஞாயிற்றுக்கிழமைகளில் பெற்றோர்கள் வருவார்கள். வாகனம் நிறுத்துமிடத்தில் அங்கங்கே பாய் விரித்து, சாப்பாட்டுத் தூக்குப் போசியைத் திறந்து, ஒரு வாரப் பசியை ஒரு வேளையில் தீர்க்கப் பார்ப்பார்கள். மோகனசுந்தரம் லாரியோடு வந்துவிடுவார். லாரி நிழலில்தான் அவர்கள் பாய். ரிஸ்வானாவின் அத்தாவும் அம்மாவும் வராத வாரங்களில் அவளையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்வார்கள்.

அக்டோபரில் ஒரு ஞாயிறு. கோகியின் அம்மா ரேவதி அரிசிம்பருப்புச் சாதத்தில் நெய் ஊற்றிப் பிசைந்து மகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். கோகி காதுக்குப் பின்னால் கை வைத்துப் பார்த்தாள்.

"இப்பக்கூட படிக்குதுப்பா அந்தப் பொண்ணு. ஞாயித்துக்கெழமைகூட விட மாட்டேங்குது."

"எந்த ஊர்ப் புள்ளையோ" என்றார் மோகனசுந்தரம், வாயில் சோற்றோடு. "பெத்தவங்க குடுத்து வெச்சவங்க."

போகிற போக்கில் சொன்ன வார்த்தைதான். கோகியின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அதைப் பார்த்துவிட்டு அவர் பதறிப்போய், "நீயும் நல்லாத்தான் படிக்கிற சாமி" என்றார். அந்த 'நீயும்' எதையும் சரி செய்யவில்லை. கோகி மிச்சத்தைச் சாப்பிடாமல், "கெமிஸ்ட்ரி டெஸ்ட் இருக்குதும்மா" என்று எழுந்து போய்விட்டாள். ரேவதி போசியை மூடிக்கொண்டே கணவனை ஒரு பார்வை பார்த்தார்.

அந்த வாரம்தான் கோகி அந்த யோசனையைச் சொன்னாள்.

"நாம படிக்கறது அந்தப் பொண்ணுக்கும் தெரியுமில்ல? அவ காதுலயும் இது ஒட்டியிருக்குமில்ல?"

"இருக்கும். அதுக்கென்ன?" என்றாள் சஷ்டிகா.

"அப்ப நாம படிக்கறமேன்னுதான் அவளும் தூங்காமக் கெடக்கிறா. நமக்கு அவ மாமியாருன்னா அவளுக்கு நாம நாலு மாமியாரு. ஒரே ஒரு ராத்திரி நாலு பேரும் புத்தகத்த மூடி வெச்சிட்டுத் தூங்கலாம். அவளும் தூங்குவா. பாவம்டி."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தூக்கம் என்ற வார்த்தையைக் கேட்டதுமே ஜெனிட்டாவுக்குக் கண் சொருகியது. ஆளுக்கொரு சாமி மேல் சத்தியம் செய்தார்கள். அன்று சாப்பிட்டு முடித்ததும் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தார்கள்.

காலையில் கோகி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"அவ தூங்கல" என்றாள். "நான் நல்லாத் தூங்குனேன். நடுவுல ரெண்டு மூணு தடவ முழிப்பு வந்துது. ஒவ்வொரு தடவையும் சூடு அப்படியே இருந்துது. விடியற வரைக்கும் படிச்சிருக்கா."

"கல்நெஞ்சக்காரி" என்றாள் சஷ்டிகா, துண்டை எடுத்துக்கொண்டே. ஜெனிட்டா தலை வாரிக்கொண்டிருந்தாள். ரிஸ்வானா போர்வையை மடித்தாள்.

"இது நம்மனால ஆகற காரியம் இல்ல" என்றாள் கோகி. கோபமே இல்லாமல் சொன்னாள். "நாலு பேரு சேந்து கெஞ்சுனாக்கூட அவ நிக்க மாட்டா. அப்ப நான் தூங்கறதுக்கு என்ன அர்த்தம் இருக்குது?"

அதன் பிறகு அவள் சரியாகத் தூங்கவே இல்லை. கண்ணுக்குக் கீழே கருத்தது. குளிக்கும்போது முடி கொத்தாக வந்தது. சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது விரல் தொடையில் தட்டிக்கொண்டே இருக்கும், அந்தப் பெண்ணின் தட்டுகளுக்கு ஏற்ப. ரிஸ்வானா ஒரு தடவை அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "கழட்டிடு கோகி. ரெண்டு நாள் கழட்டி வை."

"கழட்டுனா உங்களுக்கெல்லாம் அதிர்வு வருமே. படிக்கறப்பத் தொந்தரவு."

"வரட்டும். அதனால என்ன?"

"அதுவும் இல்லாம…" கோகி தயங்கினாள். "கழட்டிட்டா அவ எவ்வளவு முன்னாடி போயிட்டான்னு எனக்குத் தெரியாமப் போயிரும். அது இன்னும் பயமா இருக்குது."

ரிஸ்வானாவுக்கு அது நன்றாகவே புரிந்தது. அவளும் அதனால்தான் கழற்றாமல் வைத்திருந்தாள்.

டிசம்பரில் கெமிஸ்ட்ரி பரீட்சை. கோகி முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தாள். குனிந்த தலை நிமிராமல் எழுதினாள். மணியடித்ததும் மேற்பார்வை டீச்சர் தாளை வாங்கப் போனார், வாங்கிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். தாளில் ஒரு எழுத்துகூட இல்லை. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை கோடுகள். நாலு நேர்கோடு, குறுக்கே ஒன்று. நாலு நேர்கோடு, குறுக்கே ஒன்று. அந்தப் பெண் முடித்த கணக்குகளை எண்ணி எண்ணி கோகி கோடு போட்டிருந்தாள்.

"என்ன கோகிலவாணி இது?"

"எண்ணிக்கிட்டு இருந்தேன் மிஸ். எண்ணி முடிச்சதும் எழுதலாம்னு பாத்தேன். அவ நிறுத்தவே இல்லைங்க மிஸ்."

மறுநாள் மோகனசுந்தரம் வந்தார். இந்தத் தடவை லாரி இல்லை. யாருடைய காரையோ கேட்டு எடுத்து வந்திருந்தார். பெட்டியை அவரே தூக்கினார். கோகி படி இறங்கும்போது திரும்பி, "ரெண்டு நாளு படுத்துட்டு வந்தர்றேன். என் கட்டில யாருக்கும் குடுத்தராதீங்க" என்றாள். கருவியைக் கழற்றி ரிஸ்வானாவின் கையில் கொடுத்தாள். மூன்று பேருக்கும் காதுக்குப் பின்னால் ஒரு சின்ன அதிர்வு வந்து போயிற்று.

இரண்டு நாள் இரண்டு வாரமாயிற்று. ரேவதி போனில் அழுதார். "எழுத்து கண்ணுக்குத் தெரியுதாம் கண்ணு. படிச்சா மனசுல நிக்க மாட்டேங்குதாம். ஒரு வரியப் படிச்சு முடிக்கறதுக்குள்ள முத வார்த்த மறந்து போகுதாம். கருவியக் கழட்டியும் காதுக்குப் பின்னால தட்டுதுன்னு கைய வெச்சு அழுத்திக்கறா. படிப்புப் பேச்சே எடுக்கக்கூடாதுன்னு டாக்டரு சொல்றாரு." ரிஸ்வானா போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

கருவிகளைச் சோதிக்க செவ்வாய்க்கிழமை மதியங்களில் சினேகலதா என்ற இளம் பொறியாளர் வருவாள். பெண்கள் அவளை அக்கா என்பார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை ரிஸ்வானா தன் கருவியைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அக்கா, எங்க ரூம் அஞ்சாவது பொண்ணுக்கு ஒரு சேதி சொல்லணும். பேரு ஊரு எதுவும் கேக்கல. நீங்களே சொல்லிட்டாப் போதும்."

"என்ன சேதி?"

"இங்க ஒருத்தி விழுந்துட்டா, நீ கொஞ்சம் மெதுவாப் போன்னு. அவளுக்கும் இது மாதிரி ஏதாவது ஆயிடப் போகுது. கோகி இருந்தா இதத்தான் சொல்லச் சொல்லியிருப்பா."

சினேகலதா கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தாள். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அப்படி ஒரு பொண்ணு இல்ல ரிஸ்வானா."

"இல்லன்னா? போயிட்டாளா?"

"என்னைக்குமே இல்ல. எந்தக் கிளையிலயும் இல்ல. அது நீங்கதான். உங்க நாலு பேர்ல யாராவது ஒருத்தி படிச்சிட்டு இருந்தா, அவ படிக்கிறா. எந்தப் பாடத்துல உங்கள்ல யாரு என்னைக்கு ரொம்ப வேகமாப் போனாளோ, அதுதான் அவளோட வேகம். ஒரு தடவ ஏறுன வேகம் திரும்ப எறங்காது. முதல் ரெண்டு வாரம் மந்தமா இருந்தாளே ஞாபகம் இருக்கா? அப்ப உங்களப் பத்தி அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

ரிஸ்வானாவுக்கு முதலில் கோபம்கூட வரவில்லை. ஒரு கேள்விதான் வந்தது.

"கெமிஸ்ட்ரி?"

"கோகிலவாணி. ஆகஸ்ட் பரீட்சையன்னைக்கு அவ போன வேகம். அதத்தான் தெனமும் அவளுக்கே தட்டிட்டு இருந்துது."

"அவளால ஜெயிக்கவே முடிஞ்சிருக்காதா?"

"ஒரு நாள் ஜெயிச்சிருந்தா மறுநாள் அதுதான் அவளோட வேகம் ஆயிருக்கும்."

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். சினேகலதா கருவியை ரிஸ்வானாவின் உள்ளங்கையில் வைத்து மூடினாள். "நான் சொன்னேன்னு சொல்லிக்கோ. எனக்கு இந்த வேலை போனாப் போகட்டும்" என்றாள்.

துணி துவைக்கிற இடத்தில் வைத்து ரிஸ்வானா மற்ற இருவரிடமும் சொன்னாள். சஷ்டிகா நம்பவில்லை. ஜெனிட்டா வாளியைக் கீழே வைத்தாள்.

"அப்ப அன்னைக்கு ராத்திரி?" என்றாள். "சத்தியம் பண்ணிட்டுப் படுத்தோமே, அன்னைக்கு ஏன் சூடு நிக்கல?"

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ரிஸ்வானாதான் முதலில் சொன்னாள்.

"நான் தூங்கல. போர்வைக்குள்ள பயாலஜி படிச்சேன். நீங்கள்லாம் தூங்குறீங்க, நான் ஒருத்தி கொஞ்ச நேரம் படிச்சா என்னன்னு தோணுச்சு."

"நான் பாத்ரூம்ல உக்காந்து படிச்சேன்" என்றாள் ஜெனிட்டா. "நீ தூங்கிட்டேன்னு நெனச்சேன்."

சஷ்டிகா துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். பிழிய அதில் தண்ணீர் இல்லை. "நானும்தான்" என்றாள்.

நாலு பேரும் தூங்கியிருந்தால் ஐந்தாவது பெண்ணும் தூங்கியிருப்பாள். காலையில் கோகி எழுந்து, 'பாத்தீங்களாடி, தூங்கிட்டா' என்று சிரித்திருப்பாள். ஒருவேளை நாலு பேருக்கும் அன்றைக்கே விஷயம் புரிந்தும் போயிருக்கும். சொன்ன சொல்லைக் காப்பாற்றியது கோகி ஒருத்திதான்.

மூவரும் போய்க் கேட்டபோது தாமோதரன் சார் மறுக்கவில்லை. மூவரையும் உட்கார வைத்து, ஜூஸ் வரவழைத்துக் கொடுத்துப் பேசினார்.

"நாங்க உங்கள ஏமாத்தல. உங்ககிட்ட இருக்கற பெஸ்ட்டத்தான் உங்களுக்குக் காட்டுனோம். இதுல என்னம்மா தப்பு?"

"அது நாங்கதான்னு சொல்லியிருக்கலாமே சார்" என்றாள் ரிஸ்வானா.

"சொன்னா ஓடுவீங்களா? என்னோட நேத்தைய வேகம் இதுன்னா மனுஷன் திருப்திப்பட்டு உக்காந்துக்குவான். அடுத்தவ முன்னாடி போறான்னாத்தான் ஓடுவான். இத நான் கண்டுபிடிக்கல. உங்க வீட்லயே தெனமும் சொல்றாங்களே."

"கோகியோட பங்க அழிச்சிடுங்க சார். அவ போயிட்டா. அவ வேகத்த வெச்சிட்டு நாங்க படிக்க வேண்டாம்."

"அழிக்கலாம். கெமிஸ்ட்ரியில உங்க மூணு பேருக்கும் தொய்வு வரும். பரவால்லையா? மே மாசம் தேர்வு. உங்க மூணு வீட்லயும் பேசறேன், மூணு பேரும் சரின்னா அழிச்சிடலாம்."

பேசினார். மூன்று வீட்டிலிருந்தும் ஒரே பதில்தான் வந்தது. "பரீட்ச முடியட்டும்மா, அப்பறம் பாத்துக்கலாம்" என்று ரிஸ்வானாவின் அத்தாவே போனில் சொன்னார். "அந்தப் புள்ளைக்காக துவா செய்யி. படிப்ப விட்றாத." ரிஸ்வானா அன்றைக்கு மாலை கருவியைக் கழற்றி மேசை மேல் வைத்தாள். ஜெனிட்டாவும் சஷ்டிகாவும் அதிர்வு தெரிந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்கள். அவர்கள் பக்கம் புரட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே அவள் அதை எடுத்து மாட்டிக்கொண்டாள். எல்லாம் தெரிந்த பிறகும் மாட்டிக்கொண்டாள்.

தேர்வு முடிந்து, முடிவும் வந்தது. ரிஸ்வானாவுக்கும் ஜெனிட்டாவுக்கும் அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. சஷ்டிகாவுக்குச் சித்த மருத்துவம். பள்ளி வாசலில் வைத்த பிளெக்ஸ் பேனரில் மூன்று பேர் படமும் இருந்தது. பாராட்டு விழாவில் பொன்னாடை போர்த்தும்போது தாமோதரன் சார் ரிஸ்வானாவின் காதருகே குனிந்து சந்தோஷமாகச் சொன்னார்.

"இந்த வருஷம் புதுசா சேந்த எல்லா ரூமுக்கும் உங்க ரூம் தோழியத்தான் குடுத்திருக்கோம். இத மாதிரி ஒண்ணு இன்னும் அமையல. அதுவும் அந்தக் கெமிஸ்ட்ரி இருக்கே."

ரிஸ்வானா, "தேங்க் யூ சார்" என்றாள். பழக்க தோஷம். மேடையை விட்டு இறங்கும்போது தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. கீழே புதிய மாணவிகள் வரிசையாக உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தி காதுக்குப் பின்னாலும் ஒன்று ஒட்டியிருந்தது.

மறுநாளே அவள் வெள்ளக்கோவிலுக்குப் பஸ் ஏறினாள்.

பஸ் நிலையத்துக்கு மோகனசுந்தரமே வந்திருந்தார். கோகியின் பங்கு பற்றி ரிஸ்வானா அவரிடம் போனில் முன்பே சொல்லியிருந்தாள். வீடு வந்ததும் அவர் மாடிப்படிக்கட்டருகே நின்றார்.

"அவளுக்கு இன்னும் தெரியாது சாமி. சொல்லலாம்னு பல தடவ போயி உக்காந்தேன். உன்னத் தள்ளிவுட்டது நீதான்னு பெத்த மககிட்ட எந்த வாயில சொல்றது?"

"நான் சொல்லட்டுமாங்க?"

"படிப்புப் பேச்சு வேண்டாம்னு டாக்டரு சொன்னாரு." மேலே ஏறாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். "அவளாக் கேட்டா, பாத்துப் பேசு."

கோகி தரையில் உட்கார்ந்து கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சற்றுப் பூசினாற்போல் இருந்தாள். முடி வளர்ந்திருந்தது. ரிஸ்வானாவைப் பார்த்ததும் கத்தியைப் போட்டுவிட்டு எழுந்து கட்டிக்கொண்டாள். கடைப் பெயர்ப்பலகையெல்லாம் இப்போது படிக்க முடிகிறது என்றாள். பேப்பரில் தலைப்பு வரைக்கும் போகிறதாம், அதற்குக் கீழே போகவில்லையாம். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். ரேவதி டீ கொடுத்துவிட்டு உள்ளே போனார். மோகனசுந்தரம் வாசல் நிலையில் சாய்ந்து நின்றார்.

"உனக்குக் கெடச்சிருச்சாமே. அப்பா சொன்னாரு. ரொம்பச் சந்தோஷம் ரிஸ்வானா." கோகி மறுபடி கொத்தவரங்காயை எடுத்தாள். "அந்தப் பொண்ணு எந்தக் காலேஜு?"

"எந்தப் பொண்ணு?"

"நம்ம அஞ்சாவது. அவளுக்குக் கெடைக்காம எப்படி இருக்கும்? கெமிஸ்ட்ரியில அவள யாரு தாண்ட முடியும்? மொதல்ல அவ மேல எரிச்சலாத்தான் இருந்துது. இப்ப இல்ல. எப்பவாச்சும் பாத்தீன்னா நான் விசாரிச்சேன்னு சொல்லு."

ரிஸ்வானா மோகனசுந்தரத்தைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படி ஒரு பொண்ணு இல்ல கோகி" என்றாள் ரிஸ்வானா. நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொன்னாள். நாலு பேரையும் சேர்த்துச் செய்த ஒருத்தி என்று சொன்னாள். "அன்னைக்கு ராத்திரி நாங்க மூணு பேரும் திருட்டுத்தனமாப் படிச்சோம். அதான் சூடு நிக்கல. நீ மட்டுந்தான் தூங்குன. எங்கள மன்னிச்சிரு" என்றாள். அவள் சொல்லாமல் விட்டது ஒன்றுதான்: அந்தப் பெண் இப்போதும் வான்முகட்டில் ஒவ்வொரு அறையிலும் தட்டிக்கொண்டிருக்கிறாள் என்பதை.

கோகி கோபப்படவில்லை. அழவும் இல்லை. கேட்டதை மனதில் நிறுத்திவைக்க அவள் படுகிற பாடு நெற்றியில் தெரிந்தது.

"அப்ப கெமிஸ்ட்ரி யாரு?"

"கெமிஸ்ட்ரி முழுக்க நீதான். ஆகஸ்ட் பரீட்சையில பேனா தானா ஓடுச்சுன்னியே, அதுதான். நான், ஜெனிட்டா, சஷ்டிகா, யாராலயும் கடைசி வரைக்கும் அதத் தாண்ட முடியல."

கோகியின் கை காதுக்குப் பின்னால் போயிற்று. அங்கே ஒன்றும் இல்லை. தடவிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தாள்.

"அப்ப நான் நல்லாத்தான் படிச்சிருக்கனா?"

ரிஸ்வானா தலையை மட்டும் ஆட்டினாள்.

கோகி வாசல் பக்கம் திரும்பினாள்.

"கேட்டீங்களாப்பா? அந்தப் பொண்ணு நாந்தானாம்."

"கேட்டேன் சாமி" என்றார் மோகனசுந்தரம்.